வெளுத்த மரமும் கறுத்த வானமும்

சென்ற கோடையில் நண்பர் ஒருவர் ஒரு புகைப்படத்தை என் மேஜை மேல் வைத்தார். ஓர் ஏரிக்கரை; கரையோரம் வரிசையாகப் புளியமரங்கள். அவ்வளவுதான் விஷயம். ஆனால் மரங்கள் எல்லாம் பனி மூடியவை போல வெள்ளை வெளேரென்று நின்றன. வானம் நள்ளிரவாகக் கறுத்திருந்தது. ஏரித் தண்ணீரோ மைக்கூட்டைக் கவிழ்த்தது போல இருந்தது.

"எந்த ஊர்? காஷ்மீரா?" என்று கேட்டேன்.

"செங்கற்பட்டுப் பக்கம். சித்திரை மாதத்து உச்சி வெயில்" என்றார்.

கதை எழுதிப் பிழைக்கிறவனிடமே கதையா? "நன்றாக ஜோடித்திருக்கிறீர்கள்" என்றேன். நண்பர் கோபித்துக்கொள்ளவில்லை. டெலிவிஷன் ரிமோட்டை எடுத்து, அதன் முனையை என் பக்கம் திருப்பிப் பொத்தானை அழுத்தினார். ஒன்றும் தெரியவில்லை. பிறகு அதையே தம் காமிராவின் சின்னத் திரையில் காட்டினார். முனையில் ஒரு வெளிச்சம் மின்னி மின்னி அணைந்தது! காமிரா இல்லாததைக் கற்பனை செய்யவில்லை. இருந்ததை நான்தான் பார்க்கவில்லை. எனக்கு வெட்கமாகப் போயிற்று. அன்றிலிருந்து அந்த வெளுத்த மரத்தின் பூர்வ கதையைத் தேடிப் படிக்கலானேன்.

கதை 1800-ம் ஆண்டில் இங்கிலாந்தில் ஆரம்பமாகிறது. வில்லியம் ஹெர்ஷல் ஜெர்மனியில் பிறந்தவர். தேவாலயத்தில் ஆர்கன் வாசித்து ஜீவனம் செய்தவர். 1781-ல் யுரேனஸ் கிரகத்தைக் கண்டுபிடித்துப் புகழ் பெற்றவர். சூரியனைத் தொலைநோக்கியில் பார்ப்பதற்காக அவர் வர்ணக் கண்ணாடிகளைப் பொருத்திப் பார்த்தார். சில கண்ணாடிகளில் வெளிச்சம் மங்கியும் கண் சுட்டது. வேறு சிலவற்றில் வெளிச்சம் வந்தும் சூடு தெரியவில்லை. எந்த நிறத்துக்கு எவ்வளவு உஷ்ணம் என்ற சந்தேகம் அவருக்கு எழுந்தது. முப்பட்டைக் கண்ணாடியால் வெயிலை வானவில்லாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் உஷ்ணமானியை வைத்தார். ஊதாவிலிருந்து சிவப்பை நோக்கிப் போகப் போக உஷ்ணம் ஏறியது. சிவப்பும் முடிந்து, வெறும் மேஜைப் பலகையாகத் தெரிந்த இடத்தில் வைத்தபோது, மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாக ஏறியது! கண்ணுக்கு எட்டாத அந்த ஒளியைத்தான் இன்று அகச்சிவப்பு என்கிறோம்.

ஹெர்ஷல் கண்டது உஷ்ணமானியின் ஏற்றத்தைத்தான். அந்த ஒளியில் உலகம் எப்படி இருக்கும் என்று படம் பிடித்துக் காட்ட நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. காட்டியவர் அமெரிக்கப் பேராசிரியர் ராபர்ட் வுட். இவரிடம்தான் என் மனம் பறிகொடுத்தேன். காரணம், 1904-ல் அவர் செய்த ஒரு காரியம்.

அதற்கு முந்திய ஆண்டு பிரான்சில் நான்சி என்ற நகரத்தில் ப்ளோண்ட்லோ என்ற மதிப்பு வாய்ந்த பேராசிரியர், புதிய கதிர் ஒன்றைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். தம் ஊரின் முதல் எழுத்தைச் சூட்டி 'என்-கதிர்' என்று அதற்குப் பெயரும் வைத்தார். இருட்டறையில் அந்தக் கதிர் பட்டால் மங்கலான ஒளி சற்றே பிரகாசிக்கும் என்றார். வேறு பல விஞ்ஞானிகளும் "ஆமாம், எங்களுக்கும் தெரிகிறது" என்றார்கள். வுட் நேரில் பார்க்கப் போனார். அலுமினியத்தால் ஆன முப்பட்டை ஒன்று அந்தக் கதிரைப் பிரித்துக் காட்டுவதாகச் சொன்னார்கள். இருட்டில் யாரும் அறியாமல் அந்த முப்பட்டையை வுட் அகற்றிவிட்டார். அப்புறமும் அங்கிருந்தவர்கள் கதிர் விழும் இடங்களை அளந்து சொல்லிக்கொண்டே இருந்தார்கள்! வுட் நடந்ததை 'நேச்சர்' பத்திரிகைக்கு எழுதினார். என்-கதிரின் ஆயுள் அத்தோடு முடிந்தது.

ப்ளோண்ட்லோ மோசக்காரர் அல்லர். காண வேண்டும் என்ற ஆசையே அவர் கண்ணாகிவிட்டது, அவ்வளவுதான்.

பொய்யான கதிரைப் போக்கியவர், மெய்யான கதிரை எப்படி நிரூபிப்பார்? கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்துவிட்டு அகச்சிவப்பை மட்டும் விடும் ஃபில்டரைக் காமிராவின் முன் வைத்து, நீண்ட நேரம் படத்தகட்டில் ஒளி விழச் செய்தார். 1910-ல் அந்தப் படங்கள் வெளியாயின. வெளுத்த மரங்களும் கறுத்த வானமும் அன்றுதான் மனிதர் பார்வைக்கு வந்தன. படத்தகட்டுக்கு ஆசையும் இல்லை, மானமும் இல்லை. விழுந்ததைச் சொல்லும், விழாததைச் சொல்லாது.

மரம் ஏன் வெளுக்கிறது? இலையிலுள்ள பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் உணவு சமைக்க எடுத்துக்கொள்கிறது. அகச்சிவப்பு அதற்கு வேண்டாம். இலையின் உள்ளே கடற்பஞ்சு போலக் காற்றறைகள் நிறைந்த பகுதி, அந்த ஒளியைச் சிதறடித்து வெளியே அனுப்பிவிடுகிறது. வானம் நீலமாவது காற்று நீல ஒளியை அதிகமாகச் சிதறச் செய்வதால். அலைநீளம் மிகுந்த அகச்சிவப்பு அவ்வளவாகச் சிதறுவதில்லை. ஆகவே வானம் கறுக்கிறது. அந்த வானத்தைப் பிரதிபலிக்கும் தண்ணீரும் கறுக்கிறது.

இதை முதலில் பெரிய அளவில் பிடித்துக்கொண்டது யுத்தம்தான். இரண்டாம் உலகப் போரின்போது, உயிருள்ள இலையைச் சிவப்பாகக் காட்டும் வர்ணப் ஃபிலிம் ஒன்றைக் கோடாக் கம்பெனி தயாரித்தது. பச்சைச் சாயம் பூசி மறைத்த பீரங்கியும் உண்மையான புதரும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும், அந்தப் படத்தில் வேறு வேறாகத் தெரிந்தன.

ஆனால் சத்துருவைக் காட்டிய வித்தை நோயாளியையும் காட்டும் அல்லவா? 1970-ல் பிஷாரடி என்ற நம் நாட்டு விஞ்ஞானி, கேரளத்துத் தென்னந்தோப்புகளை ஹெலிகாப்டரிலிருந்து இந்த முறையில் படமெடுக்கச் செய்தார். வேர்வாடல் நோய் பிடித்த தென்னைகள் படத்தில் தனியாகத் தெரிந்தன. 1988-ல் விண்ணுக்குப் போன நமது ஐ.ஆர்.எஸ். 1-ஏ செயற்கைக்கோளுக்கும் அகச்சிவப்பைக் காணும் கண் இருந்தது.

இப்போது ஃபிலிமின் காலம் அநேகமாகப் போய்விட்டது. முழு இருட்டில்தான் காமிராவில் போட வேண்டும் என்ற கட்டுப்பாடுள்ள கோடாக்கின் அகச்சிவப்புக் கறுப்பு-வெள்ளை ஃபிலிம் 2007-ல் நின்றது. ஆனால் டிஜிட்டல் காமிராவின் உள்ளே இருக்கும் சிலிக்கன் சில்லு இயற்கையிலேயே இந்த ஒளியைக் காண வல்லது. நிறங்கள் கெட்டுவிடக் கூடாதே என்று, தயாரிப்பாளர்கள் அதன் முன்னே ஒரு தடுப்புக் கண்ணாடியைப் பொருத்திவிடுகிறார்கள். என் நண்பர் தம் பழைய காமிராவில் அந்தத் தடுப்பைக் கழற்றச் செய்திருந்தார். வேறு மாயம் ஒன்றும் இல்லை.

ப்ளோண்ட்லோ இல்லாததைக் கண்டார். நான் இருந்ததை இல்லை என்றேன். இரண்டு பேரும் நம்பியது ஒரே சாட்சியை, சொந்தக் கண்ணை! பிறர் மனத்தில் இருப்பதை எல்லாம் கண்டவன் போல எழுதுவது என் தொழில். ஆகையால் இந்த விஷயம் என்னை லேசில் விடவில்லை. எழுதும்போது நடுவில் நிறுத்தி, "யாரேனும் இருட்டில் முப்பட்டையை எடுத்துவிட்டால் அப்போதும் உனக்கு இது தெரியுமா?" என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். சில பக்கங்கள் அந்தக் கேள்வியில் கிழிபட்டன.

போன வாரம் நண்பருடன் அந்த ஏரிக்கரைக்குப் போய் வந்தேன். புளியமரங்கள் பச்சைப் பசேலென்று நின்றன. அவற்றின் வெள்ளையும் அங்கேதான் இருந்தது. எனக்குத் தெரியவில்லை, இந்தத் தடவை இல்லை என்று சொல்லவும் இல்லை.