காகிதம் மறுக்கப்பட்ட கதாநாயகர்கள்

முத்து காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு லொதாரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மந்திரவாதி மாண்ட்ரேக்கின் பக்கத்திலேயே நிற்கும் மாபெரும் பலசாலி. 1934-ல் லீ ஃபால்க் இந்தத் தொடரைத் தொடங்கியபோதே லொதார் ஓர் ஆப்பிரிக்க இளவரசன்தான். ஆனால் அந்த இளவரசனுக்கு உடுத்தக் கிடைத்தது சிறுத்தைத் தோல்; பேசக் கிடைத்தது அரைகுறை ஆங்கிலம். நாகரிக உடையும் ஒழுங்கான பேச்சும் அவனுக்கு வாய்க்க, 1965-ல் ஃபிரெட் ஃபிரெடரிக்ஸ் படம் வரைய வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் அமெரிக்கப் படக்கதைகளில் கறுப்பினத்தவர் பெரும்பாலும் இப்படித்தான் வந்தார்கள். தடித்த உதடும் உருண்ட கண்ணுமாக, வெள்ளைக்கார நாயகனுக்கு ஏவல் செய்வதற்கும் வாசகரைச் சிரிக்க வைப்பதற்கும் மட்டுமே. வில் ஐஸ்னர் மகத்தான கலைஞர். ஆனாலும் அவருடைய ‘தி ஸ்பிரிட்’ தொடரில் வரும் சிறுவன் எபனி ஒயிட்டைப் பார்க்கும்போதெல்லாம் மனம் வலிக்கிறது. ‘கேப்டன் மார்வெல்’ கதைகளில் ஸ்டீம்போட் என்று இன்னொருவன் இருந்தான். 1945-ல் நியூயார்க் பள்ளி மாணவர்கள் சிலர் பதிப்பாசிரியர் வில் லீபர்சனை நேரில் பார்த்து, இந்தப் படம் ஓர் இனத்தையே இழிவுபடுத்துகிறது என்று வாதாடினார்கள். அதன்பின் ஸ்டீம்போட் நிறுத்தப்பட்டான். வரைந்தவர்களுக்கும் அச்சிட்டவர்களுக்கும் தோன்றாதது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தோன்றியிருக்கிறது.

கறுப்பினத்தவர் தங்கள் கதையைத் தாங்களே ஏன் வரையவில்லை என்று கேட்கலாம். வரைந்தார்கள். வரையத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமே இருக்கவில்லை. வரைந்த பக்கம் அச்சுக்கும் கடைக்கும் போகும் வழியில் இருந்த கதவுகளின் சாவிதான் வேறு ஆட்களிடம் இருந்தது. இந்த வாரம் அந்தக் கதவுகளைப் பார்ப்போம்.

ஆரின் எவன்ஸ் 1902-ல் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தவர். வெள்ளையர் நடத்திய நாளிதழ் ஒன்றில், கறுப்பினச் செய்திகள் என்ற வட்டத்துக்குள் அடைபடாமல் எல்லாச் செய்திகளையும் எழுதும் நிருபராக நுழைந்த முன்னோடி. ‘ஃபிலடெல்பியா ரெக்கார்ட்’ பத்திரிகையில் இருந்தபோது, ராணுவத்தில் கறுப்பின வீரர்கள் ஒதுக்கி வைக்கப்பட்டதைப் பற்றித் தொடர் எழுதினார். 1947 தொடக்கத்தில், ஊழியர் வேலைநிறுத்தத்துக்கு நடுவே, அந்தப் பத்திரிகை மூடப்பட்டது. வேலை போன எவன்ஸ், அதே பத்திரிகையின் முன்னாள் ஆசிரியர் ஹாரி செய்லர் போன்ற சிலரைப் பங்காளிகளாகச் சேர்த்துக்கொண்டு ஒரு காரியத்தில் இறங்கினார்.

அந்த ஆண்டின் நடுவில் ‘ஆல்-நீக்ரோ காமிக்ஸ்’ முதல் இதழ் வெளிவந்தது. 48 பக்கம். மற்ற காமிக்ஸ் 10 சென்ட் விற்ற காலத்தில் இதற்கு 15 சென்ட். உள்ளே உள்ள ஒவ்வொரு கோடும் கறுப்பினக் கலைஞர்கள் இட்டது என்று எவன்ஸ் முதல் பக்கத்திலேயே பெருமையோடு அறிவித்தார். முதல் கதையில் ஏஸ் ஹார்லம் என்ற துப்பறிவாளர், ஓர் உணவுக்கடைக்காரரின் கொலையைத் துப்புத் துலக்குகிறார். வரைந்தவர் ஜான் டெரல். கொலையுண்டவர், கொலையாளி, கண்டுபிடிப்பவர் எல்லோரும் கறுப்பினத்தவரே. அறிவாளியும் அயோக்கியனும் ஒரே சமூகத்துக்குள் இருக்கிறார்கள் என்பது நமக்குச் சாதாரணம். அன்றைய அமெரிக்கக் காமிக்ஸ் கடையில் அது காணக் கிடைக்காத ஒன்று.

இதழின் உண்மையான துணிச்சல் ‘லயன் மேன்’ கதையில் இருக்கிறது. வரைந்தவர் ஆரினின் தம்பி ஜார்ஜ் எவன்ஸ். அமெரிக்காவில் பிறந்து கல்லூரியில் படித்த இளம் விஞ்ஞானி ஒருவனை ஐக்கிய நாடுகள் சபை ஆப்பிரிக்கப் பொற்கரைக்கு, அதாவது இன்றைய கானாவுக்கு, அனுப்புகிறது. அங்கே ஒரு மலையில் பெருமளவு யுரேனியம். அதைக் கொள்ளையரிடமிருந்து காப்பது அவன் பணி. ஹிரோஷிமா நடந்து இரண்டே ஆண்டுகள், ஐ.நா. பிறந்தும் இரண்டே ஆண்டுகள். காட்டுக்குள் ஒரு வெள்ளைக்காரன் வந்து ஆப்பிரிக்கரை ஆள்வதே ‘காட்டு வீரன்’ கதையின் இலக்கணமாக இருந்தபோது, எவன்ஸ் சகோதரர்கள் அந்த இலக்கணத்தைத் தலைகீழாக்கினார்கள். ‘டைம்’ வார இதழ் ஜூலையிலேயே இந்த முயற்சியைப் பற்றி எழுதியது.

இரண்டாவது இதழுக்கும் படங்கள் தயாராயின. ஆனால் எவன்ஸுக்குக் காகிதம் கிடைக்கவில்லை. அச்சுத்தாள் விற்பவர்கள் அவருக்கு விற்க மறுத்துவிட்டார்கள். ஒரே இதழோடு எல்லாம் முடிந்தது. ஆனால் வாசகர் இல்லாமல் போய்விடவில்லை. 1950-ல் ஃபாசெட் நிறுவனம் ‘நீக்ரோ ரொமான்ஸ்’ என்ற இதழைத் தொடங்கியது; கறுப்பின விளையாட்டு வீரர் ஜாக்கி ராபின்சனைப் பற்றியும் காமிக்ஸ் வெளியிட்டது. சந்தை இருந்தது, பெரிய நிறுவனங்களுக்குக் காகிதமும் இருந்தது. எவன்ஸ் நாளிதழ்ப் பணிக்கே திரும்பி, 1971-ல் காலமானார்.

காகிதக் கதவு திறக்காத காலத்தில் வேறொரு வழியாகப் போனவர் ஜாக்கி ஓர்ம்ஸ். அமெரிக்கக் கறுப்பினப் பெண்களில் முதல் தொழில்முறைக் கார்ட்டூனிஸ்ட் என்று கொண்டாடப்படுபவர். 1937-ல் ‘பிட்ஸ்பர்க் கூரியர்’ பத்திரிகையில், தெற்கிலிருந்து நியூயார்க்குக்குப் பிழைக்க வரும் டார்ச்சி பிரவுன் என்ற பெண்ணின் கதையை வரையத் தொடங்கினார். கூரியர் கறுப்பினத்தவரே நடத்திய வார ஏடு. நாட்டின் பல பகுதிகளுக்குத் தனிப் பதிப்புகள். ரயில்களில் வேலை பார்த்த கறுப்பினப் பணியாளர்களே இத்தகைய ஏடுகளைக் கட்டுக்கட்டாகத் தென் மாநிலங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். தங்கள் அச்சகம், தங்கள் விநியோகம், தங்கள் வாசகர். ஓர்ம்ஸின் பேனா அந்தச் சுதந்திரத்தை முழுதாகப் பயன்படுத்திக்கொண்டது.

1945 முதல் 1956 வரை அவர் வரைந்த ‘பேட்டி-ஜோ அண்ட் ஜிஞ்சர்’ ஒற்றைக் கட்டக் கார்ட்டூன். அழகாக உடுத்திய அக்கா வாயே திறக்க மாட்டாள். பேசுவதெல்லாம் ஐந்தாறு வயதுத் தங்கை பேட்டி-ஜோ. வாக்குரிமை, குடியிருப்பு ஒதுக்கல், கம்யூனிஸ்ட் வேட்டை என்று எதையும் விட்டுவைக்க மாட்டாள். 1955 ஆகஸ்டில் மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற 14 வயதுச் சிறுவன், ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைப் பார்த்து விசிலடித்தான் என்று சொல்லிக் கொல்லப்பட்டான். கொலைக் குற்றம் சாட்டப்பட்டவர்களை நீதிமன்றம் விடுவித்தது. அக்டோபரில் ஓர்ம்ஸின் பேட்டி-ஜோ சமையலறையிலிருந்து வந்து அக்காவிடம் சொல்கிறாள்: வெள்ளைத் தேநீர்க் கெண்டி ஒன்று தன்னைப் பார்த்து விசிலடித்துவிட்டதாம். ஒரு குழந்தையின் வாயில் இத்தனை ஆத்திரத்தை இவ்வளவு அடக்கத்தோடு வைத்த கார்ட்டூனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. எஃப்.பி.ஐ. ஓர்ம்ஸைப் பற்றிச் சேர்த்து வைத்த கோப்பு 287 பக்கம். இரண்டாவது கதவு வெள்ளையர் நாளிதழ்களின் படக்கதைப் பக்கம்; அதில் அவருக்குக் கடைசிவரை இடம் கிடைக்கவில்லை.

மூன்றாவது கதவு ஒரு முத்திரை. 1954-ல் காமிக்ஸ் பதிப்பாளர்கள் தங்களுக்கென ஒரு தணிக்கை அமைப்பை நிறுவினார்கள். அதன் முத்திரை இல்லாத இதழை விநியோகஸ்தர்கள் தொடத் தயங்கினார்கள். இ.சி. நிறுவனம் 1953-ல் வெளியிட்ட ‘ஜட்ஜ்மென்ட் டே’ கதையை 1956-ல் மறுபடி அச்சிட முயன்றது. அல் ஃபெல்ட்ஸ்டீன் எழுத, ஜோ ஆர்லாண்டோ வரைந்தது. பூமியிலிருந்து ஒரு விண்வெளி வீரர், இயந்திர மனிதர்கள் வாழும் கோளைப் பார்வையிட வருகிறார். அங்கே ஆரஞ்சு நிற இயந்திரங்கள், நீல நிற இயந்திரங்களை ஒதுக்கி வைத்திருக்கின்றன. உள்ளே இரண்டும் ஒன்றே. மேல் உறை மட்டும் வேறு. நீங்கள் இன்னும் தயாராகவில்லை என்று சொல்லிவிட்டு அவர் புறப்படுகிறார். கடைசிக் கட்டத்தில் தலைக்கவசத்தைக் கழற்றுகிறார். அவர் கறுப்பினத்தவர்.

தணிக்கை அமைப்பின் தலைவர் சார்ல்ஸ் மர்ஃபி, நீதிபதியாக இருந்தவர், அந்த முகத்தை மாற்றச் சொன்னார். மாற்றினால் கதையே இல்லை. ஃபெல்ட்ஸ்டீனும் பதிப்பாளர் பில் கெய்ன்ஸும் மறுத்தார்கள்; வழக்குப் போட்டு ஊரறியச் செய்வேன் என்று கெய்ன்ஸ் மிரட்டிய பிறகே கதை மாறாமல் அச்சேறியது. இ.சி. வெளியிட்ட கடைசிக் காமிக்ஸ் இதழ் அதுதான்.

இந்த மூன்று கதவுகளையுமே தேவையில்லாமல் செய்துவிட்டது 1957-ல் வந்த ஒரு 16 பக்கப் புத்தகம்: ‘மார்ட்டின் லூதர் கிங் அண்ட் த மான்ட்கோமரி ஸ்டோரி’. வெளியிட்டது ஓர் அமைதி இயக்கம். பேருந்துப் புறக்கணிப்பு எப்படி நடந்தது, அடி விழுந்தாலும் கை ஓங்காமல் இருக்க எப்படிப் பழகுவது என்று படிப்படியாகச் சொல்லும் நூல். காந்தியும் அதில் வருகிறார். கடைகளை நம்பாமல் தேவாலயங்கள், பள்ளிகள், உரிமை இயக்கங்கள் வழியாகச் சுமார் இரண்டரை லட்சம் பிரதிகள் கைமாறின. அதை வரைந்தவர் சை பாரி. பெயர் போடாமல் வரைந்தார். பின்னாளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் முகமூடி வேதாளரை வரைந்த அதே சை பாரி.

அந்தப் புத்தகத்தைப் படித்த இளைஞர்களில் ஒருவர் அலபாமாவின் ஜான் லூயிஸ். பின்னாளில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரான அவர், ஆண்ட்ரூ அய்டினோடு எழுதி, நேட் பவல் வரைந்த ‘மார்ச்’ மூன்று பாகங்களாக வெளிவந்தது. 2016-ல் அதன் மூன்றாம் பாகத்துக்கு தேசியப் புத்தக விருது. 1956-ல், தமக்குப் பதினாறு வயதானபோது, ஊர் நூலகத்துக்குப் போய் உறுப்பினர் அட்டை கேட்டதையும், நூலகம் வெள்ளையருக்கு மட்டும் என்று திருப்பி அனுப்பப்பட்டதையும் லூயிஸ் விருது மேடையில் கண்ணீரோடு சொன்னார்.

அடுத்த வாரம் 1966: வகாண்டாவின் அரசனும், பின்னாளில் அவனை வரைய வந்த கறுப்பின ஓவியர் பில்லி கிரஹாமும்.

(தொடரும்)