சப்ளையர் பில்லும் கணக்குத் தலைப்பும்: பக்க எண்ணிலிருந்து இயந்திரக் கற்றல் வரை

சப்ளையர் அனுப்பும் பில்லில் சரக்கின் பெயர், அளவு, விலை, வரி எல்லாம் இருக்கும். வாங்கியவரின் பேரேட்டில் அந்தச் செலவு எந்தத் தலைப்பில் ஏற வேண்டும் என்பது மட்டும் இருக்காது. ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய காகிதக் கட்டு அச்சகத்துக்கு மூலப்பொருள், பள்ளிக்கு எழுதுபொருள் செலவு, மொத்த வியாபாரிக்கு விற்பனைச் சரக்கு. ஆகவே வாங்கியவரின் அலுவலகத்தில் யாரோ ஒருவர் பில்லைப் படித்து அதற்குரிய கணக்குத் தலைப்பைத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. அதைத் தீர்மானிப்பவர் யார், எதைப் பார்த்துத் தீர்மானிக்கிறார் என்பது கடந்த ஐந்நூறு ஆண்டுகளில் பலமுறை மாறியிருக்கிறது. அந்த மாற்றங்களில் கடைசியாக வந்ததுதான் இயந்திரக் கற்றல்.

லூக்கா பச்சியோலியின் கணித நூல் வெனிஸ் நகரில் 1494-இல் அச்சானது. அதில் இரட்டைப் பதிவு முறையை விளக்கும் பகுதி, வணிகர் மூன்று புத்தகங்கள் வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறது. நடந்ததை நடந்தபடி எழுதுவது நினைவுப் புத்தகம். அதை முறைப்படுத்துவது குறிப்பேடு. தலைப்பு வாரியாகப் பிரித்து ஏற்றுவது பேரேடு. குறிப்பேட்டுப் பதிவு ஒன்றைப் பேரேட்டில் ஏற்றியதும், பற்றும் வரவும் ஏறிய பக்கங்களின் எண்களை ஓரத்தில் குறிக்கச் சொல்கிறார் பச்சியோலி. பேரேட்டுக்கு அகரவரிசையில் ஒரு பெயர்ப்பட்டியலும் தேவை என்கிறார். கணக்குக் குறியீட்டின் மிகப் பழைய வடிவமாக இந்தப் பக்க எண்ணைக் கொள்ளலாம். தமிழ்நாட்டுப் பதினொன்றாம் வகுப்பு மாணவர் இன்றும் குறிப்பேட்டுப் படிவத்தில் பேரேட்டுப் பக்க எண்ணுக்கென்று ஒரு பத்தி போடுகிறார். அது அங்கிருந்து வந்த வழக்கம். ஆனால் பக்க எண் இடத்தைத்தான் காட்டும். 47-ஆம் பக்கத்தில் இருப்பது வாடகையா வண்டிக்கூலியா என்பது அந்த எண்ணிலிருந்து தெரியாது. அது கணக்குப்பிள்ளையின் மனதில் இருந்தது. அவர் வேலையை விட்டுப் போனால் அந்த அறிவும் அவரோடு போய்விடும்.

கணக்குத் தலைப்புகள் ஒரு நிறுவனத்தைத் தாண்டிப் பொதுவானவையாக இருக்க வேண்டும் என்ற தேவையை ரயில்வேக்கள் உண்டாக்கின. ஒரு கம்பெனி தண்டவாளம் மாற்றிய செலவைப் பழுதுபார்ப்பில் எழுதும். இன்னொன்று அதையே முதலீட்டில் எழுதும். இரண்டின் லாபத்தையும் ஒப்பிட முடியாது, கட்டணம் நியாயமானதா என்று சொல்லவும் முடியாது. அமெரிக்காவில் 1906-இல் வந்த ஹெப்பர்ன் சட்டம், ரயில்வேக்கள் எல்லாம் ஒரே விதமான கணக்கு முறையைப் பின்பற்ற ஆணையிடும் அதிகாரத்தை மாநிலங்களிடை வணிக ஆணையத்துக்குக் கொடுத்தது.

அதே காலத்தில் துளை அட்டையும் அலுவலகங்களுக்குள் வந்துகொண்டிருந்தது. 1890-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக ஹெர்மன் ஹொலரித் செய்த எந்திரத்தை, நியூயார்க் சென்ட்ரல் ரயில்வே அந்தப் பத்தாண்டின் நடுவிலேயே சரக்குக் கணக்குக்கு எடுத்துக்கொண்டது. 1928-இல் ஐபிஎம் கொண்டுவந்த அட்டையில் 80 பத்திகள். ஒரு வவுச்சரின் தேதி, சப்ளையர் எண், தொகை, தலைப்பு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். தலைப்பை எழுத்தில் எழுத இடம் போதாது, மூன்று நான்கு இலக்கங்களில் குறிக்கத்தான் இடம். எண் முறையின் பரவலுக்குக் கணக்கியல் கோட்பாட்டைவிட இந்த இடநெருக்கடியே பெரிய காரணம். அட்டையைத் துளைப்பவருக்குக் கணக்கு தெரிய வேண்டியதில்லை என்பதால், அதற்கு முன்பே ஒருவர் பில்லைப் படித்து அதன்மேல் குறியீட்டை எழுதியாக வேண்டும். பில்லில் ரப்பர் ஸ்டாம்ப் குத்தி, கட்டத்துக்குள் தலைப்பு எண்ணை எழுதிக் கையெழுத்திடும் தனி வேலை இப்படி வேரூன்றியது. இன்றைக்கு இயந்திரம் செய்ய முயல்வது இந்தக் கட்டத்தை நிரப்பும் வேலையைத்தான்.

எண்ணுக்கே பொருள் இருக்குமாறு தலைப்புகளை வகுத்தவர்களில் முதன்மையானவர் கொலோன் நகரப் பேராசிரியர் ஆய்கன் ஷ்மாலன்பாக். 1927-இல் வெளியான அவருடைய நூல், 0 முதல் 9 வரை பத்து வகுப்புகளாகக் கணக்குகளைப் பிரித்து, ஒவ்வொன்றையும் மேலும் பத்துப் பத்தாகக் கிளைவிடச் செய்தது. எண்ணின் முதல் இலக்கத்திலேயே கணக்கின் இனம் தெரிந்துவிடும். செலவைத் துல்லியமாக அறிய நிறுவனங்களுக்கு உதவுவதற்காக அவர் செய்தது அது. 1937 நவம்பரில் ஜெர்மானிய அரசு அதையொட்டிய சட்டகத்தை ஆணையிட்டுக் கட்டாயமாக்கியது. போர்ப் பொருளாதாரத்துக்கு விலையும் செலவும் அரசின் கண்ணுக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் இருந்த பிரான்சில் 1942-இல் ஒரு திட்டம் எழுதப்பட்டது. விடுதலைக்குப் பிறகு 1947-இல் பிரான்ஸ் தன் சொந்தப் பொதுக் கணக்குத் திட்டத்தை வகுத்தது. இன்றும் பிரெஞ்சு நிறுவனங்களில் 401 என்றால் சப்ளையர், 6-இல் தொடங்கினால் செலவு, 613 என்றால் வாடகை. மார்செயில் இருக்கும் கணக்காளருக்கும் லீலில் இருக்கும் கணக்காளருக்கும் அவை ஒரே பொருள் தருபவை. ஒரு நிறுவனத்தின் பில்களில் கற்றதை இன்னொன்றில் பயன்படுத்துவது பிரான்சிலும் ஜெர்மனியிலும் எளிதாக இருப்பதற்கு இந்தப் பொது எண்களே அடிப்படை.

இந்தியாவில் அரசுக் கணக்கு ஒரு வழியிலும் தனியார் கணக்கு வேறு வழியிலும் போயின. 1974 ஏப்ரல் 1 முதல் மத்திய, மாநில அரசுகளின் தலைப்புகள் மாற்றியமைக்கப்பட்டன. இன்று பெருந்தலைப்பு நான்கு இலக்கம். முதல் இலக்கம் 2 அல்லது 3 என்றால் வருவாய்ச் செலவு, 4 அல்லது 5 என்றால் மூலதனச் செலவு. 2202 பொதுக் கல்வி, 2210 மருத்துவமும் பொதுச் சுகாதாரமும். அதிலிருந்து துணைப் பெருந்தலைப்பு, சிறுதலைப்பு என்று இறங்கி, மொத்தம் ஆறு படிகள், 15 இலக்கம். கருவூலத்துக்குப் பில் அனுப்பும் பணம் பெற்று வழங்கும் அலுவலர், நிதி ஒதுக்கீடு எந்தத் தலைப்பில் வந்ததோ அதே தலைப்பைப் பில்லில் எழுத வேண்டும். இங்கே ஊகத்துக்கு இடம் குறைவு. பணம் வரும் முன்பே தலைப்பு தீர்மானமாகிவிடுகிறது.

தனியார் நிறுவனங்களுக்கு அப்படியொரு பட்டியல் கிடையாது. 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, ஆண்டறிக்கையின் வடிவத்தைத்தான் சொல்கிறது. உள்ளே பேரேட்டில் என்ன தலைப்பு, என்ன எண் என்பது நிறுவனத்தின் விருப்பம். 1986-இல் பெங்களூருவில் தொடங்கிய டாலி நிறுவனத்தின் கணக்கு மென்பொருள், குறியீட்டு எண் இல்லாமல் பெயரையே வைத்துக் கணக்கு எழுத வழி செய்தது. சிறு வியாபாரிகள் கணினிக்கு வந்ததற்கு அது பெரிய காரணம். அதில் 28 குழுக்கள் தயாராக இருக்கும். அவற்றின்கீழ் லெட்ஜர் திறப்பவர் வைத்ததே பெயர். ஒரே நிறுவனத்தில் 'பிரின்டிங் அண்ட் ஸ்டேஷனரி' ஒன்று, 'ஸ்டேஷனரி செலவு' ஒன்று, 'ஆபீஸ் செலவு' ஒன்று என்று மூன்று லெட்ஜர்கள் இருப்பது சாதாரணம். எழுத வசதியாக இருந்த இந்தச் சுதந்திரம், பின்னாளில் பழைய பதிவுகளிலிருந்து கற்க வந்த இயந்திரத்துக்குப் பெரிய இடையூறானது.

இயந்திரக் கற்றலுக்கு முன்பே கணினி இந்த வேலையில் பாதியைச் சத்தமில்லாமல் முடித்திருந்தது. கொள்முதல் ஆணை போட்டு வாங்கிய சரக்குக்குத் தலைப்பு ஆணையிலேயே இருக்கும். ஆணை, சரக்கு வந்த ரசீது, பில் மூன்றும் ஒத்துப்போனால் பதிவு தானே விழும். ஆணை இல்லாமல் வரும் பில்களில் பலவற்றுக்கு, 'இந்தச் சப்ளையர் என்றால் இந்தத் தலைப்பு' என்ற ஒற்றை விதியே போதும். மின்வாரிய பில்லை யாரும் யோசித்துத் தலைப்பிட வேண்டியதில்லை. மிஞ்சுவது நடுவில் நிற்கும் கூட்டம்: பலவகைப் பொருள் விற்கும் கடைகள், ஆன்லைன் விற்பனைத் தளங்கள், ஒப்பந்தக்காரர்கள், முதல்முறை வரும் சப்ளையர்கள். எந்த இயந்திரக் கற்றல் மாடலும் முதலில் இந்த எளிய விதியை வென்று காட்ட வேண்டும். பல விளம்பரங்கள் சொல்லும் துல்லியத்தில் பெரும்பங்கு இந்த விதியாலேயே கிடைக்கக்கூடியது என்பதை வாங்குவோர் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

சொற்களை எண்ணி வகைப்படுத்தும் உத்தி கணக்கியலில் பிறந்ததல்ல. 1961-இல் ராண்ட் நிறுவனத்தின் எம்.இ. மாரன், கட்டுரைச் சுருக்கங்களை 90 அடையாளச் சொற்களின் உதவியால் 32 வகைகளாகப் பிரிக்கும் நிகழ்தகவு முறையை வெளியிட்டார். மின்னஞ்சல் குப்பையைப் பிரிக்கும் வடிகட்டிகளுக்கு 1990-களின் இறுதியில் அதே முறை பயன்பட்டது. பில்லின் ஒரு வரியும் சிறிய உரைதான் என்பதால், அது கணக்கு அலுவலகத்துக்கு வரத் தடை இருக்கவில்லை. தடையாக இருந்தது காகிதம். பில்கள் ஸ்கேன் ஆகி, எழுத்துணரி மென்பொருள் வழியே உரையாக மாறி, பழைய பதிவுகளோடு ஒரே இடத்தில் சேர்ந்த பிறகே கற்பிக்கத் தரவு கிடைத்தது.

அந்த நிகழ்தகவு முறை எப்படி நடக்கிறது என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். ஒரு நிறுவனத்தில் ஏ.சி. தொடர்பான பழைய பில்கள் 120 என்று கொள்வோம். அவற்றில் 100 பழுதுபார்ப்பில் ஏறியவை, 20 நிலையான சொத்தில் ஏறியவை. 'ஸ்பிளிட்' என்ற சொல் பழுதுபார்ப்பு பில்களில் 30-இலும் சொத்து பில்களில் 18-இலும் வருகிறது. 'கேஸ்' என்ற சொல் முதல் வகையில் 40-இலும் இரண்டாவதில் ஒன்றிலும் வருகிறது. இரு சொற்களும் உள்ள புதிய பில்லுக்குப் பழுதுபார்ப்பின் எடை 100 × 0.3 × 0.4 = 12, சொத்தின் எடை 20 × 0.9 × 0.05 = 0.9. பழுதுபார்ப்பு என்பதற்கான வாய்ப்பு சுமார் 93 விழுக்காடு. சரியான விடைதான். ஆனால் 'ஸ்பிளிட்' மட்டும் உள்ள பில் வந்தால் 30-க்கு 18; புதிதாக வாங்கிய ஏ.சி.யாகவே இருந்தாலும் மாடல் பழுதுபார்ப்பு என்றுதான் சொல்லும். அடிக்கடி வரும் தலைப்பின் பக்கம் சாய்வது இந்த முறையின் இயல்பு. தொகையும் சரக்குக் குறியீடும் சேரும்போதுதான் அது திருந்தும்.

இந்தியாவில் அந்தக் குறியீட்டைச் சரக்கு மற்றும் சேவை வரி கொண்டுவந்தது. 2017 ஜூலை 1-க்குப் பிறகு, பில்லில் எச்எஸ்என் எண் இருந்தால் ஏ.சி. 8415, கம்ப்ரசர் 8414, பராமரிப்புச் சேவை 9987 என்று பிரிந்து நிற்கும். 2020 அக்டோபர் 1 முதல் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கும், 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடிக்கு மேல் உள்ளவர்களுக்கும் மின்பில் கட்டாயமானது. எழுத்துணரி தவறாகப் படிக்கும் சிக்கல் அந்தப் பில்களில் பெரும்பாலும் நீங்கியது. வரி வசூலுக்காகச் செய்த ஏற்பாடு கணக்குத் தலைப்பைக் கணிக்கவும் உதவியது. ஆயினும் எச்எஸ்என் என்ன விற்கப்பட்டது என்பதைத்தான் சொல்லும், எதற்காக வாங்கப்பட்டது என்பதைச் சொல்லாது.

கணிப்பு முறைகளும் வளர்ந்தன. 2001-இல் லியோ பிரைமன் விளக்கிய 'ரேண்டம் ஃபாரஸ்ட்', பூஸ்டிங் முறைகள், 2018-இல் கூகுள் வெளியிட்ட பெர்ட் போன்ற மொழி மாடல்கள், பில்லில் சொல் அச்சான இடத்தையும் சேர்த்துப் படிக்கும் மைக்ரோசாஃப்டின் லேஅவுட்எல்எம் ஆகியவை வந்தன. முறை மாறினாலும் மூன்று சிக்கல்கள் தீரவில்லை. பத்து தலைப்புகளில் பில்கள் குவியும், நூறு தலைப்புகளில் ஆண்டுக்கு இரண்டு மூன்றுதான் வரும். அந்த நூறையும் கற்கத் தரவு போதாது. தலைப்புப் பட்டியல் ஆண்டுதோறும் மாறும். ஆகவே பில்களைக் குலுக்கிப் பிரித்துச் சோதித்தால் மாடல் நன்றாகத் தேறியதாகத் தோன்றும். முந்தைய ஆண்டில் பயிற்சி கொடுத்து அடுத்த ஆண்டுப் பில்களில் சோதிப்பதே நேர்மையான சோதனை. மூன்றாவது, கற்கும் பாடத்திலேயே பிழை இருப்பது. மாதக் கடைசி அவசரத்தில் சஸ்பென்ஸ் கணக்கிலும் 'இதர செலவு'களிலும் தள்ளிய பதிவுகளை மாடல் சரியான விடையாக எடுத்துக்கொள்கிறது. அது கற்பது கணக்கியலை அல்ல, அந்த அலுவலகத்தின் பழக்கத்தை.

பழக்கம் தவறானால் விலை உண்டு. 2026 மார்ச் வரை நடப்பிலிருந்த 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில், கம்பெனியாக உள்ள ஒப்பந்தக்காரருக்கு 194சி பிரிவின்கீழ் 2 விழுக்காடு பிடித்தம் இருந்தது. தொழில்முறைச் சேவைக்கு 194ஜெ பிரிவின்கீழ் 10 விழுக்காடு. தலைப்பு தவறினால் பிடித்தமும் தவறும். மதிய உணவு கேட்டரிங் பில்லை 'கூட்டச் செலவு' என்று எழுதினால், சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் 17(5) பிரிவு பொதுவாகத் தடுத்திருக்கும் உள்ளீட்டு வரி வரவைத் தவறாக எடுக்க நேரும். தலைப்பை மாற்றுவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை 2002-இல் அமெரிக்க வேர்ல்ட்காம் நிறுவனம் காட்டியது. பிற தொலைபேசி நிறுவனங்களின் இணைப்புகளுக்குக் கொடுத்த கட்டணம் நடப்புச் செலவு. அதை ஜர்னல் பதிவுகளால் மூலதனச் சொத்துத் தலைப்புகளுக்கு மாற்றி லாபத்தைக் கூட்டினார்கள். சிந்தியா கூப்பர் தலைமையிலான உள்தணிக்கைக் குழு அதைக் கண்டுபிடித்தது. ஜூனில் நிறுவனம் முதலில் ஒப்புக்கொண்ட தொகை 380 கோடி டாலருக்கு மேல்; ஜூலையில் அது திவால் மனு கொடுத்தது. அப்படிப்பட்ட பதிவுகளைப் பாடமாகக் கொடுத்தால் எந்த மாடலும் அவற்றையே திரும்பச் செய்யும்.

இதனால் பொறுப்பான அலுவலகங்கள் மாடலைத் தனியே விடுவதில்லை. நிகழ்தகவு உயர்ந்த பில்கள் தானே பதிவாகும். மற்றவற்றுக்கு இரண்டு மூன்று தலைப்புகளை அது முன்வைக்கும், கணக்காளர் ஒன்றைத் தேர்வார், அந்தத் தேர்வு அடுத்த பயிற்சிக்குப் போகும். எல்லைக்கோட்டை எங்கே வைப்பது என்பதை மென்பொருள் விற்பவர் முடிவு செய்யக்கூடாது. வரிப் பிடித்தம், மூலதனம் சம்பந்தப்பட்ட தலைப்புகளுக்கு அது உயரமாகவே இருக்க வேண்டும். இந்தியாவில் 2023 ஏப்ரல் 1 முதல், நிறுவனங்கள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு பதிவின் ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு பதிந்துவைக்க வேண்டும், அந்த வசதியை நிறுத்திவைக்கவும் கூடாது. தலைப்பைக் கணித்தது இயந்திரமானாலும் அதைத் திருத்தியது கணக்காளரானாலும் இந்த விதி ஒன்றுதான். அது பின்பற்றப்பட்டதா என்பதைத் தணிக்கையாளர் தம் அறிக்கையில் சொல்ல வேண்டும்.