மலையகமும் கணித விரிவுரையாளரும்: ஒரு வரலாற்று நோக்கு

பல்கலைக்கழகக் கணிதத்துறைக்கு விரிவுரையாளரைத் தெரிவு செய்வது நேர்முகப் பரீட்சையன்று நிகழும் செயலென்றே பொதுவாகக் கருதப்படுகின்றது. ஆயின், அப்பரீட்சைக்கு வந்து சேர்வோர் யாவர் என்பது பல்லாண்டுகளுக்கு முன்னரே, பாடசாலைக் கரும்பலகையின் முன் தீர்மானமாகிவிடுகின்றது. மலையக வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1942 இல் நிறுவப்பட்ட இலங்கைப் பல்கலைக்கழகத்தில் 1949 இல் கணிதப் பேராசிரியரானவர் சி. ஜே. எலியேசர். பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியிற் பயின்று, கேம்பிரிட்ஜில் டிராக்கின் மாணவராய் ஆய்வு செய்தவர். அவரது ஆற்றல் அவருக்கே உரியது. அதற்கு வழி திறந்த கல்லூரியோ மிசனரிமார் தொடங்கி, ஒரு சமூகம் பேணி வளர்த்த நிறுவனம்.

அக்காலத்தில் நுவரெலியா, அட்டன் பகுதித் தோட்டங்களின் நிலை யாது? 1920 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வியளிக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்திடமே விட்டது. கொழுந்து பறிக்கும் கைகளை வேண்டி நின்ற நிர்வாகம், அக்கைகளிற் புத்தகம் நிலைப்பதை எங்ஙனம் விரும்பும்? செக்றோலிலே தம் பெயருக்கெதிரே இடப்பட்ட தொகையைச் சரிபார்க்கும் கணக்கறிவுகூடப் பலருக்கு வாய்க்கவில்லை. 1945 இன் இலவசக் கல்வி லயன்களைச் சரிவர எட்டவில்லை. 1948 இன் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றோராக்கியது. 1960-61 இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் புறத்தே நின்றன. பெருந்தோட்டங்கள் தேசியமயமான பின்னர், 1970களின் பிற்பகுதியிலேயே அவை படிப்படியாக அரசின் கீழ் வந்தன.

அதன்பின் முன்னேற்றம் ஏற்பட்டமை மறுக்கவியலாதது. சுவீடன், ஜெர்மனி ஆகிய நாடுகளின் உதவி கிடைத்தது. பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. எனினும் முரண்பாடு தீரவில்லை. உயர்தரக் கணிதத்தைக் கற்பிக்கப் பட்டதாரி வேண்டும். பட்டதாரி உருவாக உயர்தரக் கணித வகுப்பு வேண்டும். இவ்வட்டம் தானாக உடையாது. 1974 முதலான மாவட்ட ஒதுக்கீடு பல்கலைக்கழகத்தில் இடத்தைக் காட்டலாம். கணித வகுப்பே நடவாத பாடசாலையின் மாணவியை அவ்விடத்திற் கொண்டு சேர்க்காது.

ஆகவே, விரிவுரையாளர் தெரிவிற்கான தகுதியைத் தளர்த்துமாறு நாம் கோரவில்லை. அத்தகுதியை எய்தும் பாதை எங்கே அறுந்தது எனக் காணுமாறே கோருகின்றோம். தன் பட்டதாரிகளுட் சிலரையேனும் அட்டன் வகுப்பறைக்கு அனுப்பும் கணிதத்துறையே தன் நாளைய விரிவுரையாளரை இன்றே தேடத் தொடங்கியதாகும்.