பட்டியலில் இல்லாத 5.11

ஒரு மின்னஞ்சலின் தேதி பொய் என்று எண்பிக்க வேண்டியிருந்தது. கடிதத்தின் தலைப்பு வரிகளில் 2002, சனவரி 1 என்று இருந்தது. அதே தலைப்பில் சில வரிகள் கீழே, கடிதம் எழுதப் பயன்பட்ட மென்பொருளின் பெயர்: க்னூஸ் 5.11, இமேக்ஸ் 22.1. க்னூஸ் குழு வெளியிட்ட பதிப்புகளின் பட்டியலில் 5.10 இருக்கிறது, 5.11 இல்லை. அப்படியானால் இல்லாத ஒரு பதிப்பை வைத்துத் திண்டுக்கல்லில் ஒருவர் எப்படிக் கடிதம் எழுதினார்?

திண்டுக்கல் நகரிலும் சின்னாளபட்டி, நிலக்கோட்டை, வேடசந்தூர் பக்கத்து ஊர்களிலும் வீடுகளில் கிடக்கும் பழைய குறுந்தகடுகள், வன்தட்டுகளிலிருந்து தமிழ் மின்னஞ்சல்களை மீட்டுத் தொகுப்பது என் ஆய்வு வேலை. கணினியில் தமிழ் எழுதத் தொடங்கிய முதல் தலைமுறை என்ன எழுதியது, எதில் எழுதியது என்பதற்கு இவைதான் நேரடிச் சான்று. இந்தக் கடிதம் அனுப்பியவரின் பெட்டியிலேயே தங்கிய பிரதி. வழியில் எந்த சர்வரும் அதன்மேல் நேர முத்திரை குத்தவில்லை. கணினித் தாய்ப்பலகையில் இருக்கும் சிறு பேட்டரி தீர்ந்துவிட்டால் கடிகாரம் பழைய தேதிக்குத் திரும்பிவிடும். சனவரி 1 என்ற தேதியைப் பார்த்ததும் வந்த சந்தேகம் அதுதான். சந்தேகம் சான்றாகாது. மிஞ்சியிருந்த ஒரே தடயம் 5.11 என்ற எண்.

க்னூஸ் என்பது மின்னஞ்சலையும் யூஸ்நெட் செய்திக்குழுக்களையும் ஒரே இடத்தில் வாசிக்க உதவும் கட்டற்ற மென்பொருள். இமேக்ஸ் என்ற எழுதியின் உள்ளே ஓடுவது. முதலில் எழுதியவர் ஜப்பானின் மசனொபு உமெதா. 1994 இலையுதிர் காலத்தில் நார்வேயின் லார்ஸ் மாக்னே இங்கெப்ரிக்ட்சன் அதை அடியோடு திரும்ப எழுதத் தொடங்கினார். 1995 நவம்பரில் இமேக்ஸ் 19.30-உடன் அது வெளிவந்தபோது, அதற்கு முன்பே 132 சோதனை வெளியீடுகள் நடந்திருந்தன. அதன்பிறகு ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு பட்டப்பெயர்: செப்டம்பர், ரெட், குவாசியா, டெரோடாக்டைல், ஊர்ட், நோ, மா. வேலை நடக்கும்வரை பட்டப்பெயர், பக்குவப்பட்டதும் எண். அந்தக் கணக்கில் ரெட் 1997-இல் 5.4 ஆனது. குவாசியா 1998-இல் 5.6. டெரோடாக்டைல் 1999 டிசம்பர் 3 அன்று 5.8. ஊர்ட் 2003 மே 1 அன்று 5.10. அத்தனையும் இரட்டைப்படை எண்கள். இந்த வரலாறு முழுவதும் க்னூஸின் கையேட்டிலேயே நாள்வாரியாக எழுதப்பட்டிருப்பதுதான் எனக்குக் கிடைத்த முதல் உதவி.

ஒற்றைப்படை எண்கள் எங்கே போயின? பழைய செய்திக்குழுக் கடிதங்களின் தலைப்புகளை வரிசையாக வைத்துப் பார்த்தேன். இமேக்ஸ் 19.34-இல் எழுதியவர்களின் கடிதங்களில் க்னூஸ் 5.3. இமேக்ஸ் 20.3 என்றால் 5.5. இமேக்ஸ் 20.7 என்றால் 5.7. இமேக்ஸ் 21-இல் 5.9, 23-இல் 5.13. ஒற்றைப்படை வந்த இடத்திலெல்லாம் பக்கத்தில் இமேக்ஸ் இருந்தது. இமேக்ஸை வெளியிடும் க்னூ திட்டத்தின் பொது ஆவணக் களஞ்சியத்தில் பழைய இமேக்ஸ் பொதிகள் அப்படியே கிடக்கின்றன. 22.1-ஐ இறக்கி, அதனுள் இருக்கும் க்னூஸ் கோப்புறையையும் 5.10 வரிசைப் பொதியையும் அருகருகே வைத்து ஒப்பிட்டேன். கோப்புக்குக் கோப்பு நெருங்கிய உறவு. பதிப்பு எண் வரி மட்டும் ஒன்றில் 5.11, மற்றதில் 5.10.

காரணத்தை விளக்கும் ஆவணம் க்னூஸ் மூல நிரலோடு சேர்ந்தே இருக்கிறது. நிரல் எழுதும் முறைக்கும் பராமரிப்புக்குமான சிறு வழிகாட்டி அது. எழுதியவர் ரெய்னர் ஸ்டைப். பயனருக்கான கையேடு நூற்றுக்கணக்கான பக்கம் ஓடும். இது சில பக்கம்தான். பராமரிப்பவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிவைத்துக்கொண்ட ஒப்பந்தம் என்று இதைச் சொல்லலாம்.

அதில் சொல்லியிருக்கும் சிக்கல் இது. க்னூஸுக்கு இரண்டு வீடுகள். ஒன்று அதன் சொந்தக் களஞ்சியம், இன்னொன்று இமேக்ஸ் களஞ்சியம். இமேக்ஸ்காரர் ஒருவர் தன் பக்கத்தில் ஒரு வழுவைத் திருத்துகிறார். அடுத்த க்னூஸ் பதிப்பை எடுத்து இமேக்ஸுக்குள் போடும்போது அந்தத் திருத்தம் காணாமல் போகிறது. முன்பெல்லாம் ஒவ்வொரு திருத்தமும் இந்தப் பக்கம் வந்ததா என்று ஆள் வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. 2004-இல் 5.10 இமேக்ஸுக்குள் சேர்க்கப்பட்டபோது மைல்ஸ் பேடர் இரண்டுக்கும் நடுவே ஒரு பாலம் அமைத்தார். இமேக்ஸில் இருக்கும் க்னூஸ் கோப்புகளும் 5.10 நிலைக் கிளையில் இருக்கும் கோப்புகளும் ஒன்றாகவே இருக்க வேண்டும். வேறுபட நல்ல காரணம் வேண்டும். எந்தப் பக்கம் திருத்தினாலும் மறுபக்கம் சேர்ந்துவிடும், புதிய வசதிகள் வளரும் முதன்மைக் கிளைக்கும் போய்விடும். வேறுபட அனுமதியுள்ள இடத்துக்கு வழிகாட்டி தரும் எடுத்துக்காட்டே பதிப்பு எண்தான்: இமேக்ஸில் 5.11, நிலைக் கிளையில் 5.10.

ஆக, 5.11 இருந்த பதிப்புதான். தனியாகக் கடை விரிக்காமல் இமேக்ஸ் வழியாகவே வீடுகளுக்குப் போன பதிப்பு. இமேக்ஸ் 22.1 வெளிவந்தது 2007 சூன் 2. கடிதம் அதற்கு முன் எழுதப்பட்டிருக்க வழியே இல்லை. 2002 சனவரி பொய்த்தது. 22.2 வந்தது 2008 மார்ச்சில்; புதுப்பிக்கும் பழக்கம் உள்ளவர் என்றால் கடிதம் இந்த இடைவெளிக்குள் விழும். தொகுப்பின் அட்டவணையில் '2007 சூனுக்குப் பின்' என்று உறுதியாக எழுத முடிந்தது.

பாலத்தின் தடம் இமேக்ஸ் வரலாற்றில் இன்றும் தெரிகிறது. 2004-க்குப் பிந்தைய பதிவுகளில் 'க்னூஸ் 5.10 கிளையிலிருந்து இணைப்பு' என்ற பொருளில் நூல் பிடித்தாற்போல் குறிப்புகள் வருகின்றன. பின்னாளில் க்னூஸிலிருந்து இமேக்ஸுக்கு மாற்றங்களைக் கொண்டுசேர்த்த குறிப்புகளில் கட்சுமி யமஒகாவின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. பெரிய வசதி எதையும் உண்டாக்கிய குறிப்புகள் அல்ல இவை. அடுத்தவர் செய்த வேலை தொலையாமல் பார்த்துக்கொண்ட வேலை. என் கடிதத்துக்குத் தேதி கிடைத்தது அந்த வேலையால்தான்.

வழிகாட்டியின் இன்னொரு விதி சின்னது. ஆவணம் தேடுகிறவருக்கு அது புதையல். பயனர் மாற்றிக்கொள்ளக்கூடிய ஓர் அமைப்பைப் புதிதாகச் சேர்த்தால், அது எந்த இமேக்ஸ் பதிப்பில் வரும் என்று எண் போட வேண்டும். கூடவே எந்த க்னூஸில் வந்தது என்று குறிப்பும் எழுத வேண்டும். ஊர்ட் காலத்தில் சேர்ந்ததற்கு '22.1' என்ற எண்ணும் 'ஊர்ட் க்னூஸ்' என்ற குறிப்பும். நோ காலத்தில் சேர்ந்ததற்கு '23.1', 'நோ க்னூஸ்'. முன்பே உள்ள அமைப்பின் இயல்பு மதிப்பை மாற்றினாலும் இதே விதி. நிரலைத் திறந்து ஒரு வரியைத் தொட்டால் அது பிறந்த காலம் பக்கத்திலேயே இருக்கிறது.

மாற்றப் பதிவேட்டுக்கும் முறை உண்டு. தேதி, திருத்தியவர் பெயர், கோப்பின் பெயர், அடைப்புக்குறிக்குள் செயற்கூறின் பெயர், அதன்பின் என்ன மாறியது என்று ஓரிரு வரி. ஏன் மாறியது என்பதை நிரலுக்குள் அந்த இடத்திலேயே குறிப்பாக எழுத வேண்டும் என்பது க்னூ திட்டத்தின் பொது விதி. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது: பதிவேட்டைத் தேடிப் போகாமல் நிரலை மட்டும் படிக்கிறவருக்கும் காரணம் கண்ணில் பட்டுவிடும். சில பெயர்களுக்குப் பக்கத்தில் 'சிறு மாற்றம்' என்று இருக்கும். கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளைக்குப் பதிப்புரிமையை எழுதிக்கொடுக்காதவரிடமிருந்து ஏறக்குறைய 15 வரி வரை மட்டுமே ஏற்கலாம் என்பதால் அந்தக் குறி. சட்டச் சிக்கலுக்காகப் போட்ட குறி, வெளியிலிருந்து வந்து ஒரு கை கொடுத்துவிட்டுப் போனவர்களின் பெயர்ப்பட்டியலாகவும் ஆகிவிட்டது. பதிவேடு பெருத்ததும் 1, 2, 3 என்று எண்ணிட்டுப் பழையதை ஒதுக்கி வைத்தார்கள், அழிக்கவில்லை. 2010 ஏப்ரல் 19 அன்று க்னூஸ் வேலை கிட் என்ற பதிப்பு மேலாண்மை முறைக்கு மாறியது. பின்னர் க்னூஸ் முழுக்க இமேக்ஸ் வீட்டுக்கே குடிபோனது. அப்போதும் பழைய பதிவேடுகள் கூடவே போயின.

தேதி முடிந்தது, கடிதத்தின் உள்ளே ஒரு புதிர் பாக்கி இருந்தது. எழுதியவர் யூனிகோட் தமிழில் எழுதியிருக்கிறார். கீழே, தனக்கு முன்பு வந்த ஒரு பழைய கடிதத்தை மேற்கோளாக ஒட்டியிருக்கிறார். அந்தப் பகுதி முழுக்கக் கிறுக்கல். அதன் முதல் சொல்லில் ஏழு குறிகள்: முக்கால் என்ற பின்னம், சென்ட் காசின் குறி, தலையில் அலை போட்ட ஸ்பானிய எழுத்து, கூரை போட்ட ஐரோப்பிய எழுத்து ஒன்று, சாய்கோடு போட்ட இன்னொன்று, தனியே தொங்கும் ஒரு வால், நடுவே கோடு கிழித்த ஒரு வட்டம். இவற்றின் எண்கள் 190, 162, 241, 206, 236, 184, 248.

யூனிகோடுக்கு முன் புலம்பெயர்ந்த தமிழரும் இங்குள்ளவரும் மின்னஞ்சலில் பரவலாகப் புழங்கிய திஸ்கி குறியேற்றத்தின் அட்டவணையில் இந்த எண்களைத் தேடினேன். 190 த. 162 இகரக் கொக்கி. 241 ண். 206 டு. 236 க். 184 க. 248 ல். திண்டுக்கல். கடிதத்தின் தலையில் இடப்பெயராக எழுதிய ஊர்.

பழைய கடிதம் திஸ்கியில் இருந்தும் மேற்கு ஐரோப்பிய எழுத்து என்று அடையாளம் போட்டு வந்திருக்கிறது. பதில் எழுதியபோது மென்பொருள் அந்த அடையாளத்தை நம்பி ஐரோப்பிய எழுத்துகளாகவே யூனிகோடுக்கு மாற்றிவிட்டது. ஏழு பைட்டுகள் பதினான்காக வீங்கிவிட்டன. மீட்பதற்கு இரண்டு படி: முதலில் ஐரோப்பியக் குறியேற்றத்துக்குத் திருப்பி ஏழு பைட்டாக்க வேண்டும், பின் அவற்றைத் திஸ்கி என்று சொல்லி யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். இரண்டாம் படிக்கான மாற்றி பல லினக்ஸ் கணினிகளில் இருக்கிறது. 2002-இல் புருனோ ஹைபிள் அதை க்னூவின் சி நூலகத்துக்கு எழுதிக்கொடுத்தார். திஸ்கி 2007-இல் இணையக் குறியேற்றப் பதிவகத்திலும் முறையாகப் பதிவானது. சில நொடிகளில் கடிதம் தமிழில் விரிந்தது.

திஸ்கி பிழைத்ததற்குக் காரணம் அதன் அட்டவணை பொதுவில் எழுதப்பட்டதுதான். எந்த எண் எந்த எழுத்து என்று ஆவணம் இருந்ததால், வேறொரு நாட்டில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் அதற்கு மாற்றி எழுத முடிந்தது. இமேக்ஸில் தமிழ் எழுத்துகளைக் கோத்துக் காட்டும் நிரலை 2001-இல் எழுதியவரும் வெளிநாட்டவர்தான், ஜப்பானின் கவபதா தைச்சி. 2009-இல் இமேக்ஸ் 23 வந்தபோது அதன் இடத்தை வேறு முறை பிடித்தது. ஆனாலும் யார் எழுதியது, எதற்கு என்பது வரலாற்றில் இன்றும் படிக்கக் கிடைக்கிறது.

அதே குறுந்தகடுகளில் வேறு கோப்புகளும் இருக்கின்றன. ஒரே ஒரு எழுத்துருவுக்காக ஒருவர் தன் வசதிக்கு அமைத்த குறியேற்றங்களில் எழுதியவை. எழுத்துருக் கோப்பு போய்விட்டது. அட்டவணை எங்கும் எழுதப்படவில்லை. எந்த எண் எத்தனை முறை வருகிறது, எதற்குப் பக்கத்தில் வருகிறது என்று எண்ணி எண்ணித்தான் ஒவ்வோர் எழுத்தாக ஊகிக்க வேண்டும். எழுதியவர்கள் திறமைசாலிகள். இரவெல்லாம் உட்கார்ந்து தமிழைத் திரைக்குக் கொண்டுவந்தவர்கள். அவர்கள் உழைப்புக்கு ஒரு பக்கக் குறிப்பு துணையாக இல்லாமல் போனதுதான் என்னை வருத்துகிறது.

திண்டுக்கல் பூட்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதன் பெருமை உள்ளே இருக்கும் நெம்புகளைக் கையால் ராவிப் பொருத்தும் வித்தையில் இருக்கிறது. அந்த வித்தை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குத்தான் போகும். பட்டறைக்கு ஆள் வராமல் போனால் பூட்டு மிஞ்சும், திறக்கத் தெரிந்தவர் மிஞ்சமாட்டார். கைவினைக்கு அது விதி என்று ஏற்கலாம். நிரலுக்கு அந்த விதி இல்லை. நிரலே எழுத்து, அதன் பக்கத்தில் இன்னும் இரண்டு வரி எழுத எந்தத் தடையும் இல்லை.

இன்று நம் கல்லூரிகளில் மாணவர்கள் தமிழுக்குச் சொற்பிழை திருத்தி, விசைப்பலகை, எழுத்துருமாற்றி என்று நிறையச் செய்கிறார்கள். செய்து, மதிப்பெண் வாங்கி, விட்டுவிடுகிறார்கள். அவர்களிடம் வைக்க எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. முதல் வரி நிரல் எழுதும் அன்றே பராமரிப்பு ஒப்பந்தத்தையும் எழுதுங்கள். எந்தத் திருத்தம் யாருடையது, எந்தப் பதிப்பில் வந்தது, ஏன் வந்தது, இரண்டு இடங்களில் பிரதி இருந்தால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் திருத்தம் எப்படிப் போகும் என்று நான்கு பத்தி போதும். ஆசிரியர்கள் அந்த நான்கு பத்திக்கும் மதிப்பெண் போடுங்கள். நமக்கு முன் தேதி தெரியாமல், எழுத்து புரியாமல் கிடக்கும் ஆயிரம் கோப்புகளுக்கு இனி யாரும் அந்தப் பத்திகளை எழுதித் தர முடியாது. இன்று எழுதப்படும் கோப்புகளுக்கு முடியும், எழுதுகிறவர் நினைத்தால்.