குளிர்கடலிற் குளிப்போர்



சரித்திரம் என்றதும் முடிமன்னரையும் அவர்தம் போர்களையும் நினைக்கவே நாம் பழகிவிட்டோம். கடற்குளிரை மனிதர் எவ்வாறு வென்றனர் என்பதும் சரித்திரமே. அவ்வெற்றியால் அவர்கள் இழந்தது யாது என்பதையும் அது கூறுகின்றது.

தண்ணீர், காற்றைக் காட்டிலும் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். ஆதலின், 10 பாகை செல்சியசுக் காற்றிலே கவலையின்றி உலாவும் ஒருவர், அதே 10 பாகை நீரிலே நெடுநேரம் தாங்கமாட்டார். முதலில் நடுக்கம் தோன்றும். பின்னர் விரல்கள் விறைக்கும். அதன்பின் அறிவு மயங்கும். கடலினுள்ளே அறிவு மயங்கியவர் கரைசேர்தல் அரிது.

இத்தகைய குளிர்நீரில் மூழ்கிக் குடும்பத்தைக் காத்தவர்கள் கொரியாவின் தென்பாலுள்ள ஜெஜூத் தீவின் பெண்கள். அவர்களை 'ஹேன்யோ' என்பர். 'கடற்பெண்டிர்' என்பது அதன் பொருள். பதினேழாம் நூற்றாண்டு ஏடுகளிலேயே அவர்களைப் பற்றிய குறிப்புகள் உள. சுரைக்குடுவையை மிதவையாகக் கொண்டு, மூச்சடக்கி மூழ்கி, சிப்பிகளையும் கடற்பாசிகளையும் அவர்கள் எடுத்துவந்தனர். பனிக்காலத்திலும் அவர்கள் உடுத்தது பருத்தியாடையே. கரையிலே கற்களை வட்டமாக அடுக்கி நெருப்பு மூட்டிய இடத்திற்குப் 'புல்தொக்' என்று பெயர். குளிர் பொறுக்கமுடியாத நிலையில் கரையேறி, அங்கே குளிர்காய்வர். மூத்தோர் இளையோருக்குத் தொழில் நுணுக்கம் உரைத்ததும், ஊர்க் காரியங்கள் பேசி முடிவானதும் அந்நெருப்பருகிலேதான்.

1960களில் சுக் கி ஹொங், ஹெர்மன் றான் என்னும் உடற்றொழிலியல் அறிஞர்கள் கொரியக் கடற்பெண்டிரை ஆராய்ந்தனர். பனிக்காலத்தில் அவர்களின் உடல், ஓய்வு நிலையிலும் வழக்கத்திலும் மிகுதியான வெப்பத்தை உண்டாக்கிற்று. ஏனைய பெண்கள் நடுங்கத் தொடங்கும் நீரில் இவர்கள் நடுங்கவில்லை. எனினும், உடல்வெப்பம் ஏறத்தாழ 35 பாகைக்குத் தாழ்ந்ததும் இவர்களும் கரையேறவே வேண்டியிருந்தது. குளிரே அவர்களின் வேலைநேரத்தை அளந்த கடிகாரம்.

இவர்கள் பருத்தியாடையுடன் மூழ்கிக்கொண்டிருந்த காலத்திலேயே, பசிபிக் சமுத்திரத்தின் மறுகரையில் வேறொரு முயற்சி நடைபெற்றது. கலிபோர்ணியாச் சர்வகலாசாலையைச் சேர்ந்த பௌதிகவியலாளர் ஹியூ பிராட்னர், அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கு வீரர்களுக்கு ஏற்ற உடையை 1951 அளவில் ஆராய்ந்தார். உடலைச் சூடாக வைத்திருக்க வேண்டுமாயின் நீர் உள்ளே புகலாகாது என்றே அதுவரை பலரும் எண்ணியிருந்தனர். அது அவசியமன்று என்று பிராட்னர் கண்டார். நியோப்பிரீன் என்னும் செயற்கை இறப்பரில் எண்ணற்ற நுண்ணிய வாயுக் குமிழிகள் அடைபட்டிருக்கும். வெப்பத்தைத் தடுத்து நிறுத்துபவை அக்குமிழிகளே. உள்ளே கசியும் சிறிதளவு நீரை உடலே சூடாக்கிக்கொள்ளும். எளிய உண்மைதான், ஆயினும் அதுவே குளிர்கடலின் கதவைத் திறந்தது.

1970களில் இறப்பர் உடை கொரியக் கடற்பெண்டிரையும் அடைந்தது. அதற்கு முன் பனிக்காலத்தில் ஒரு மணி நேரமும் நீரில் நிற்க இயலாதவர்கள், இப்பொழுது சில மணி நேரம் தொழில் செய்தனர். வருவாய் பெருகிற்று, துன்பம் குறைந்தது. ஆனால், மீண்டும் ஆராய்ந்தபோது, குளிரைத் தாங்கும் அந்தச் சிறப்பாற்றல் சில ஆண்டுகளுக்குள் அவர்களின் உடலைவிட்டு நீங்கியிருந்தது. தலைமுறை தலைமுறையாக வந்த பிறவிக்குணம் அன்று அது. ஒவ்வொருத்தியும் குளிரிலே பாடுபட்டுத் தானே ஈட்டியது.

இழப்பு அதனோடு நிற்கவில்லை. 'போதும், கரையேறு' என்று சொல்லிவந்த குளிரும் வாயடைத்துப்போயிற்று. நெடுநேரம் மூழ்கினால் கடற்படுக்கை வறிதாகும் அல்லவா? குளிர் இட்ட எல்லையை இனி மனிதரே இட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. இன்ன பருவத்தில் எடுக்கலாகாது, இன்ன அளவிற் சிறியதைத் தொடலாகாது என்னும் கட்டுப்பாடுகளை அவர்கள் பேணுகின்றனர். இறப்பர் உடையை ஏற்றவர்கள், மூச்சுவாயுக் கலத்தை இன்றும் ஏற்கவில்லை. தம் மூச்சு எவ்வளவோ அவ்வளவே தம் பங்கு என்பது அவர்கள் கொள்கை.

2016 ஆம் ஆண்டு யுனெஸ்கோ தாபனம் இப்பெண்டிரின் மரபை மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. இன்று அவர்களுட் பெரும்பாலோர் அறுபது வயதைக் கடந்தவர்கள்.

குளிரிலே வருந்திய அந்தத் தாய்மார் இறப்பர் உடையை நாடியதை யார் குறைகூற இயலும்? இயற்கை இட்ட வேலியை அறிவு அகற்றும்போது, அவ்விடத்தில் வேறொரு வேலியை நாமே நாட்டவேண்டும். இப்பாடத்தை எழுத்தறியாப் பெண்கள் பலர் நமக்கு நடத்திக் காட்டியிருக்கின்றனர்.