நீலப் பென்சிலின் ஒரு கோடு

வல்லரசுகளின் உடன்படிக்கை என்றதும் முத்திரையிட்ட ஏடுகளும் நீண்ட மேசைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. 1944 அக்டோபர் 9 ஆம் நாள் இரவு, கிரெம்ளினில் சர்ச்சில் ஸ்டாலின் பக்கம் தள்ளியதோ வெறும் அரைத்தாள். அதில் அவர் கைப்பட எழுதியிருந்தவை ஐந்து நாடுகளின் பெயர்களும் சில விழுக்காடுகளும் மட்டுமே. ருமேனியாவில் ரஷ்யாவுக்கு 90, மற்றவர்க்கு 10. கிரீஸில், அமெரிக்காவின் இசைவோடு, பிரிட்டனுக்கு 90, ரஷ்யாவுக்கு 10. யூகோஸ்லாவியாவும் ஹங்கேரியும் சரிபாதி. பல்கேரியாவில் ரஷ்யாவுக்கு 75, மற்றவர்க்கு 25. மொழிபெயர்ப்பைக் கேட்ட ஸ்டாலின், நீலப் பென்சிலால் ஒரு குறியிட்டுத் தாளைத் திருப்பித் தந்தார்.

இலக்கணம் கற்பிக்கும் நம்போன்றோர் கண்ணில் முதலில் படுவது, அத்தாளில் வினைச்சொல்லே இல்லை என்பதுதான். 90 விழுக்காடு எதில்? அமைச்சரவையிலா, காவல்துறையிலா, தேர்தலிலா? யாரும் சொல்லவில்லை. ஆயினும் மறுநாள் வெளியுறவு அமைச்சர்கள் ஈடனும் மொலோடோவும் அவ்வெண்களை வைத்துச் சந்தைப் பேரம் தொடங்கிவிட்டனர். ஹங்கேரியிலும் பல்கேரியாவிலும் ரஷ்யாவின் பங்கு 80 ஆக ஏறியது.

படைகள் நின்ற இடமே எல்லாவற்றையும் தீர்மானித்தது, தாள் வெறும் தாள்தான் என்பார் உளர். ருமேனியா, பல்கேரியாவைப் பொறுத்தவரை அது சரியே. செஞ்சேனை முன்பே அங்கு நுழைந்திருந்தது. கிரீஸின் கதை வேறு. அன்றிரவு ஏதென்ஸில் ஜெர்மானியர் இன்னும் இருந்தனர். அக்டோபர் 12 இல்தான் வெளியேறினர். நாட்டுப்புறத்தின் பெரும்பகுதி இடதுசாரி எதிர்ப்புப் படையான எலாஸின் கையில் இருந்தது. டிசம்பர் 3 அன்று சிந்தாக்மா சதுக்கத்தில் பேரணியினர்மீது காவலர் சுட்டனர். தொடர்ந்து எலாஸுக்கும் பிரிட்டிஷ் படைக்கும் தெருத்தெருவாகப் போர். ஹிட்லர் இன்னும் வீழவில்லை. அவனை எதிர்த்த இரு தரப்பினர் தமக்குள் சுட்டுக்கொண்டனர். மாஸ்கோவிலிருந்து அத்தோழர்களுக்கு ஒரு துப்பாக்கியும் வரவில்லை, ஒரு கண்டனச் சொல்லும் வரவில்லை. ஸ்டாலின் வாக்கை வழுவாது காத்தார் என்று சர்ச்சிலே பின்னர் எழுதினார்.

அதற்கான விலை ருமேனியாவில் கொடுக்கப்பட்டது. 1945 மார்ச்சில் விஷின்ஸ்கியின் நெருக்குதலுக்குப் பணிந்து மன்னர் மிஹாய் பெத்ரு குரோசாவைப் பிரதமராக்கினார். சர்ச்சில் உரக்கக் கண்டிக்கவில்லை. கண்டித்தால் ஸ்டாலின் கிரீஸைச் சுட்டிக்காட்டுவார் என்ற தயக்கத்தை ரூஸ்வெல்ட்டுக்கு எழுதிய மடலில் அவரே ஒப்புக்கொள்கிறார்.

தாளில் குறியிட்டபின், கோடிக்கணக்கானோரின் விதியை இப்படிப் போகிறபோக்கில் முடித்தது இரக்கமற்றதாகத் தோன்றாதா, எரித்துவிடலாமா என்று சர்ச்சில் கேட்டாராம்; நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றாராம் ஸ்டாலின். இக்காட்சி சர்ச்சிலின் எழுத்து வழியாகவே நமக்குக் கிடைக்கிறது. தம்மைச் சற்று மனச்சான்று உடையவராகக் காட்டும் விருப்பம் அதில் கலந்திருக்கலாம். தாள் எரிக்கப்படவில்லை, பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அதன் கதையை அவர் நூலாக வெளியிட்டது 1953 இல். கிரேக்க உள்நாட்டுப் போர் முடிந்து அப்போது நான்காண்டுகள் ஆகியிருந்தன.