விறைத்த பிறகு உலகம் சுற்றிய டாக்கோ

நார்வேயில் வெள்ளிக்கிழமை இரவென்றால் பல வீடுகளில் டாக்கோதான். கடையில் வாங்கிய மொறுமொறு கூடு, மசாலாப் பொட்டலம், ஜாடியில் சல்சா. கிண்ணங்களைப் பரப்பி வைத்தால் போதும், அவரவர் நிரப்பிக்கொள்வார்கள். மெக்சிகோவின் தெருக்கடையில் இந்தக் கூட்டைத் தேடினால் கிடைப்பது அரிது. அங்கே டாக்கோ என்றால் பெரும்பாலும் கையில் மடங்கும் மெத்தென்ற டார்ட்டியா ரொட்டி.

அந்த ரொட்டியின் பூர்வீகம் தெற்கு மெக்சிகோவின் பால்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கு. ஏறக்குறைய 9,000 ஆண்டுகளுக்கு முன் டியோசின்டே என்ற காட்டுப்புல்லிலிருந்து மக்காச்சோளம் உருவானது அங்கேதான். அதைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவெல்லாம் ஊறவைத்து, தோலைக் கழுவி, நம் அம்மி போன்ற கல்லில் அரைத்தார்கள். சுண்ணாம்பு பட்டால்தான் மாவு ஒட்டும்; சோளத்துக்குள் பூட்டிக் கிடக்கும் நியாசின் சத்தும் உடம்பில் சேரும். சோளத்தை எடுத்துப்போன ஐரோப்பியர் சுண்ணாம்பை விட்டுவிட்டுப் போனார்கள். சோளமே சாப்பாடாகிவிட்ட வட இத்தாலியின் ஏழைகளை, நியாசின் குறைவால் வரும் பெலாக்ரா நோய் பிடித்தது. பாதிப் பக்குவம் மட்டும் ஊர் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கொடிய உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ரொட்டிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. சுட்ட சூட்டில் தின்றால்தான் ருசி. மறுநாள் விறைத்து உடையும். அரைக்கும் கல்லும் அரைக்கும் பெண்ணும் இல்லாத ஊருக்கு அது போக முடியாது. வழியைத் திறந்தது எண்ணெய்ச் சட்டி. கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் 1937இல் தொடங்கிய மிட்லா கஃபே என்ற மெக்சிகோ உணவகத்தில் பொரித்த டாக்கோ விற்றார்கள். எதிரே ஹாம்பர்கர் கடை வைத்திருந்த கிளென் பெல் அங்கே சாப்பிட்டுப் பக்குவம் பிடித்துக்கொண்டார். 1962இல் டவுனி நகரில் முதல் டாக்கோ பெல் திறந்தது. ரொட்டியைக் கூடாகப் பொரிக்கும் கருவிக்கு நியூயார்க்கில் உணவகம் நடத்திய ஹுவென்சியோ மால்டொனாடோ 1950லேயே காப்புரிமை பெற்றிருந்தார். பெயர் என்னவோ பெல்லுக்கு.

முன்கூட்டிப் பொரித்த கூடு சீக்கிரம் கெடாது, பெட்டியில் அடுக்கலாம், கப்பலில் ஏற்றலாம். வளைந்து கொடுத்தவரை வீட்டோடு இருந்த ரொட்டி, விறைத்த பிறகு நார்வே வரை போனது.

உள்ளே வைக்கும் கோழியும் பயணிதான். ஆசியாவில் பழகிய பறவையை ஸ்பானியர் 16ஆம் நூற்றாண்டில் மெக்சிகோவுக்குக் கொண்டுபோனார்கள். அதுவரை அங்கே வான்கோழிதான். அதே காலத்தில் மிளகாய் எதிர்த்திசையில் போர்ச்சுகீசியர் கப்பலில் நம் கரைக்கு வந்துகொண்டிருந்தது.

வீட்டில் காரமாகச் செய்ய புவெப்லா நகரத்துச் சிக்கன் டிங்காவைச் சிபாரிசு செய்வேன். கோழியை வேகவைத்து நார்நாராகப் பிய்த்துக்கொள்ளுங்கள். நீளவாக்கில் அரிந்த வெங்காயத்தை நிறையவே வதக்கி, தக்காளியும் சிபோட்லேயும் சேர்த்தரைத்த விழுதை ஊற்றி, பச்சை வாசனை போனதும் கோழியைப் போட்டுச் சுண்டவிடுங்கள். சிபோட்லே என்பது பழுத்த ஹலபேனோ மிளகாயைப் புகையில் காயவைத்தது. கிடைக்காவிட்டால் காய்ந்த மிளகாயைத் தணலில் சுட்டு, ஊறவைத்து அரைக்கலாம்; புகைவாசம் கொஞ்சம் வரும், அதே ருசி வராது. கரம் மசாலா மட்டும் வேண்டாம், அது வேறு குழம்பாகிவிடும். மேலே பச்சை வெங்காயம், கொத்தமல்லி, எலுமிச்சைச் சாறு போதும்.

கூடு வாங்கும் காசில் சுண்ணாம்பில் பக்குவமான மாசா மாவைக் கேட்டு வாங்குங்கள். சாதாரண மக்காச்சோள மாவு விரிசல் விடும். வெந்நீரில் பிசைந்து, தட்டி, தோசைக்கல்லில் எண்ணெயில்லாமல் சுட வேண்டும். மாசா கிடைக்கவில்லையா? சப்பாத்தியில் வைத்துத் தின்பதில் தப்பே இல்லை. வட மெக்சிகோவில் கோதுமை ரொட்டியிலும் டாக்கோ சாப்பிடுகிறார்கள்.